அதுக்கு அங்க இன்னா வேல?

நான் ஐந்து சட்டை போட்டுக்கொண்டு நாட்டை விட்டவன். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து. அவற்றுக்கு மேலே, கல்யாணத்துக்கென்று தைத்து, கல்யாணம் நின்றுபோனதால் புதுசாகவே இருந்த ஒரு கம்பளிக் கோட்டு. ஃபிஜியில், நாண்டி விமான நிலையத்தில், நடுப்பகலில். பெட்டியில் துணிக்கு இடமில்லை. சென்னையில் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பெரிய அகராதி ஒன்றின் தொகுதிகள் அத்தனையும் அதில் இருந்தன. அறிவுக்கு எடை கிடையாது என்று அந்த வயதில் நம்பியிருந்தேன். விமானக் கம்பெனி அப்படி நம்பவில்லை. எடை மேடையில் பெட்டி ஏறியது, முள் சுற்றியது, ஒரு கேள்வி வந்தது, பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விழுந்துவிட்டேன்.

வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது, ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு துப்பாக்கி முனையில் வெளியேறியதாகச் சொல்வது வழக்கம். துப்பாக்கி இருந்தது உண்மைதான். அதைத் தோளில் மாட்டியிருந்த சிப்பாய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

எடை மேடைக்கு அந்தப் பக்கம் சீருடையில் நின்ற அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே நான் குறுக்கே விழுந்துவிட்டேன்.

அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கதைகளுக்கு ஓர் ஆண் பெயர் வைத்திருந்தார். வீட்டில் கூப்பிட்டது வேறு பெயர். சீருடையில் குத்தியிருந்த பட்டையில் கம்பெனி எழுத்துப் பிழையோடு மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தது. எதைச் சொன்னாலும் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். பகலில் நாண்டியில் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டார். மற்ற நேரத்தில், பக்கத்து நமாகாவில் இருந்த தன் வீட்டில், தமிழில் விஞ்ஞானக் கதை எழுதினார். ஃபிஜித் தீவுகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். இரண்டும் ஒரே வேலைதான் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

எதையும் எடை போடாமல் அவரால் இருக்க முடியாது. நம் பையை வாங்கி வைக்கிற சாக்கில் கையில் தூக்கிப் பார்ப்பார். “நாலரை. உள்ள இன்னா, புஸ்தகமா?” என்பார். குழந்தையைக் கொஞ்சுவதற்குத் தூக்கினால் கொஞ்சலுக்கு முன்னால் கிலோ வரும். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, இறங்கும்போது என் காதில், “நகையோட அம்பத்தெட்டு. நகையே ரெண்டு இருக்கும், மீதி கவலை” என்றார்.

எடைக்குப் பின்னால் அந்தக் கேள்வி வரும். “அதுக்கு அங்க இன்னா வேல?”

இந்தியர்கள் அதிகம் இருந்த ஆட்சியை ராணுவம் முதல் முறை கவிழ்த்த பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்காத நாள் இல்லை. அதற்கு முன்னால் நாண்டி விமான நிலையம் வெள்ளைக்காரர்கள் பூமாலையோடு வந்து இறங்கும் இடம். அந்த வருஷம் அது நம் ஆட்கள் மூட்டையோடு ஏறும் இடமாகிவிட்டது. பாட்டன்மார் கிர்மிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், ஒரு துணி முடிச்சோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். பேரன்மார் கையில் சாமான் அதிகம். லௌடோகாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் திரைச்சீலைக் கம்பிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தது. ஒருவர் தன் மளிகைக் கடையின் பெயர்ப்பலகையோடு வந்தார். ஓர் அம்மாள் தையல் மிஷினைப் போர்வையில் சுற்றி, கேட்டால் குழந்தை தூங்குகிறது என்று சொல்லத் தயாராக வந்தார்.

அக்கா எல்லோரையும் அதே கேள்வி கேட்டார். அதட்டலாகக் கேட்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரி கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பார். பதில் இருந்தால், எவ்வளவு அசட்டுப் பதிலானாலும், முள் எங்கே நின்றாலும், ஒரு கிலோ இரண்டு கிலோ அவர் கண்ணுக்குத் தெரியாது. பதில் இல்லாவிட்டால் பொருள் இறங்க வேண்டியதுதான்.

பா என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் பெட்டியில் கரும்புக் கத்தி வைத்திருந்தார். நான் என் சித்தப்பாவை வழியனுப்பப் போயிருந்த நாள் அது. காதால் கேட்டது.

“அண்ணே, இதுக்கு அங்க இன்னா வேல?”

“ஒரு வேலையும் இல்லம்மா. அங்க கரும்பு ஏது? புள்ள பிளாட்டுல கீறான், அஞ்சாவது மாடி.”

“பின்ன?”

“சாயங்காலம் ஆனா இந்தக் கை இத்தப் புடிக்கணும். இல்லாங்காட்டி எங்க வெச்சிக்கறது இந்தக் கைய?”

அக்கா பெட்டியை மூடி, சீட்டுக் கட்டி, அனுப்பிவிட்டார். பெயர்ப்பலகைக்காரருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பலகை இறங்கியது.

இறங்கிய பொருள்களை வழியனுப்ப வந்தவர்கள் எடுத்துப் போவார்கள். யாரும் வராதவர்களுடையது அக்கா வீட்டுக்குப் போகும். நமாகாவில் அந்த வீட்டில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் தட்டில்தான் சாப்பிட வேண்டும். பீரோ மேல் யாரோ கால்பந்தில் வாங்கிய கோப்பைகள் நின்றன. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர் பெயர் எழுதிய விமானச் சீட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அக்காவின் கணவர், விமான நிலைய டாக்சி ஓட்டியவர், எனக்கு மாமா. அவர் ஒருநாள் கேட்டார், “ஏம்மே, இது வூடா, லக்கேஜ் ரூமா? என் மேலயும் ஒரு சீட்டு கட்டிடு. யாராச்சும் வந்து கேட்டா குட்த்து அனுப்சிடு.”

“உனக்கு அங்க இன்னா வேல?” என்றார் அக்கா.

நான் இவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் என் முட்டாள்தனத்தின் உபயம்தான்.

சென்னையில் மூன்று வருஷம் படித்துவிட்டு நான் திரும்பியபோது, நாடக ராஜா மாதிரி தமிழ் பேசினேன். எங்கள் ஊர் லம்பாசாவின் சந்தையில் கத்தரிக்காய் விலையை “யாது?” என்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சென்னையிலிருந்து ஒரு சின்ன மாத இதழை வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு விண்வெளிக் கதை வந்தது. விண்கலத்தின் தலைவனை அதில் ‘குலம்பர்’ என்று கூப்பிட்டார்கள். ஆட்கள் படுக்கும் அறைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். விண்வெளி வீரன் ஜன்னலோரம் ‘குந்திக்கினு’ நட்சத்திரம் பார்த்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. விடுமுறைக்கு லம்பாசாவுக்கு, நசியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். ‘இத்தகைய கொச்சை எந்தத் தமிழ் மண்ணிலும் வழங்குவதில்லை’ என்ற வாக்கியத்தை முடிக்கும்போது அடுக்களையிலிருந்து என் அம்மா கூப்பிட்டாள்: “இன்னாத்தடா எழுதிக்கினே குந்திக்கினு கீற? வந்து துன்னுட்டுப் போ.” நான் எழுந்து போய்த் தின்றேன். திரும்பி வந்து அடுத்த வாக்கியத்தை எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்தில் கங்காணி வெள்ளைக்காரனைக் குலம்பர் என்றுதான் சொன்னார்கள், கூலிகள் படுத்தது லைன் வீட்டில்தான். அச்சில் பார்த்ததும் என் வீட்டுப் பேச்சே எனக்கு அந்நியமாகிவிட்டது.

கடிதத்தை நாண்டி என்ற ஊர்ப்பெயரோடு வெளியிட்டு, ஆசிரியர் கீழே பதிலும் போட்டிருந்தார். ‘சில நூற்றாண்டுகள் விண்வெளியில் வாழ்ந்தால் தமிழ் எப்படித் திரியும் என்று இந்த எழுத்தாளர் கற்பனையிலேயே உருவாக்கிய எதிர்கால மொழி இது. வாசகர் சற்றுக் கற்பனையோடு படிக்க வேண்டும்.’

அடுத்த வாரம் நமாகாவில் ஒரு டாக்சியில் ஏறி, “பள்ளிக்குச் செல்ல வேண்டும்” என்றேன். ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

“கடுதாசி எழுதினது நீதான?”

“எந்தக் கடிதம்?”

“இந்த மாதிரிப் பேசறவன் இந்தத் தீவுல ரெண்டு பேர் இருக்க முடியாது. குந்து, வூட்டுக்குப் போலாம். அவ உன்னப் பாக்கணும்னா.”

மரவள்ளிக் கிழங்கும் டின் மீன் குழம்பும் வைத்துவிட்டு அக்கா எதிரே உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக மனசுக்குள் ஒரு நீண்ட வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ எழுதினதும் தப்பு தம்பி, அவரு எழுதினதும் தப்பு. கற்பனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு வேற தமிழ் தெரியாது, அவ்ளோதான். துன்னு, ஆறிடும்.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னை மன்னித்ததில்லை.

அக்காவும் லம்பாசாக்காரர்தான். சர்க்கரை ஆலையின் சங்கு ஊதும்போதெல்லாம் ஏதோ ஒன்று கிளம்பப் போகிறது என்று சின்ன வயதில் நினைத்தாராம். ஒன்றும் கிளம்பாததால் அவரே கிளப்ப வேண்டியதாயிற்று. முதல் கதை, கோயில் தீமிதித் திருவிழா மலரில் வந்தது. வேறு கிரகத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து, நம் ஆட்களோடு சேர்ந்து நெருப்பில் நடக்கிறான். கோயில் கமிட்டி அதைப் போட மறுத்தது. விண்கலம், மூன்று கண், பச்சைத் தோல் எதிலும் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. தலைவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏம்மா, அவன் எங்கேர்ந்து வேணா வரட்டும். காப்பு கட்டினானா? கறி மீனு வுட்டானா? பத்து நாளு கோயில்ல பட்த்தானா? ஒண்ணும் இல்லாம பூக்குழியில எறங்கினா கால் வெந்துடாதா?”

அக்கா வீட்டுக்குப் போய் யோசித்து, பச்சை மனிதனைப் பத்து நாள் முன்னாலேயே இறக்கி, மஞ்சள் கயிறு கட்டி, பருப்பும் சோறும் போட்டு, கோயில் கொட்டகையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். அந்தப் பத்து நாள்தான் கதையிலேயே நல்ல பகுதி என்று சொல்வார். “வானத்துலேர்ந்து இன்னா வேணா எறக்கலாம் தம்பி. ஆனா எறங்கினது எங்க பட்த்துது, இன்னாத்தத் துன்னுதுன்னு சொல்லணும். இல்லாங்காட்டி ஆளுங்க வுட மாட்டாங்க.”

அவர் கதைகளில் எனக்குப் பிடிபடாத ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதையிலும் ஒரு கப்பல் தனியாகக் கிளம்பாது. அதே மாதிரி இன்னொன்று பின்னாலேயே வரும். அந்த இன்னொன்றுக்குக் கதையில் பெரும்பாலும் வேலையே இருக்காது. விமரிசகன் என்ற ஹோதாவில் ஒருநாள் கேட்டேன்: “அக்கா, உங்க கேள்விய உங்ககிட்டயே கேக்கறேன். அந்த ரெண்டாவது கப்பலுக்கு அங்க என்ன வேலை?”

“ஒண்ணு பூடும்” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். அக்கா எழுதும்போது பேனாவை உளி மாதிரி அழுத்துவார். அவர் எழுதிய மேஜைப் பலகை முழுவதும் எழுத்துத் தழும்பு. விரலால் தடவினால் வரி வரியாகப் படிக்கலாம். படைப்பு வேகம் தாங்காமல் பலகை விட்டுக்கொடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் உருக்கமாக எழுதினேன். அந்தக் கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள்.

கவிழ்ப்புக்குச் சில மாதம் முன்னால்தான் அக்காவின் ஒரே நாவல் அந்த இதழில் தொடராக ஆரம்பித்தது. தலைப்பு ‘எடை மீறிய கப்பல்’. கரும்பு விளையும் ஒரு கிரகம். அங்கே மூன்று தலைமுறைக்கு முன் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இனி இது நம் இடம் இல்லையோ என்று சந்தேகம் வந்து, கிளம்புகிறார்கள். வாசலில் எடை போடுகிறவள் ஒருத்தி நிற்கிறாள். அத்தியாயத்துக்கு ஒரு குடும்பம், ஒரு பொருள். எல்லோரையும் ஏற்றி அனுப்புகிற அவள் கடைசியில் ஏறுவாளா, நிற்பாளா என்பதுதான் கதை. எழுத ஆரம்பித்தபோது அது எதிர்காலம். நாலாவது அத்தியாயம் வருவதற்குள் அக்கா அதைப் பகலில் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் எழுதினார்.

அப்போது சென்னையிலிருந்து ஆசிரியர் எழுதினார். காகித விலை தாங்கவில்லை, வருஷக் கடைசி இதழோடு கடையைக் கட்டுகிறேன், ஒரு மாதம் அத்தியாயம் வராவிட்டாலும் தொடரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும், முடிவு டிசம்பர் இதழுக்குள் என் மேஜையில் இருக்க வேண்டும். இங்கேயோ விமானங்கள் குறைந்து, தபால் மூட்டைகள் தேங்கின. எந்தக் கடிதம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அக்கா கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். “ஏத்தினவங்க எல்லாரும் நடுவானத்துலயே தொங்குவாங்க தம்பி. முடிக்காம வுட்டா, யாரும் எங்கயும் எறங்க முடியாது.”

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, அவருடைய எடை மேடையிலேயே இருந்தது. பெட்டியில் ஒரு கிலோ கூடுதலாக இருக்கும் பயணியிடம், முள்ளைப் பார்க்காமல், ஓர் உறையை நீட்டுவார். “அங்க போயி ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுடு கண்ணு.” இப்படி சிட்னி முத்திரையோடு ஓர் அத்தியாயம், ஆக்லாந்து முத்திரையோடு ஒன்று, வான்கூவர் முத்திரையோடு ஒன்று சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. கரும்புக் கிரகத்தை விட்டுப் போனவர்களின் கதையை, போனவர்களே சுமந்தார்கள். ஆசிரியர், எழுத்தாளருக்கு உலகம் சுற்றும் வேலை போலும் என்று இதழில் ஒரு குறிப்பு எழுதினார்.

இரண்டாவது கவிழ்ப்பும் வந்தது. என் அண்ணன் சிட்னியிலிருந்து டிக்கெட் அனுப்பினான். இப்போது நாம் ஐந்து சட்டைக்கு வந்துவிட்டோம்.

பெட்டி மேடையில் ஏறியதும் அக்கா முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்தில் அடுக்கடுக்காக நின்ற காலர்களைப் பார்த்தார். பின்னால் நீண்ட வரிசை. எல்லோரும் தமிழும் ஹிந்தியும் தெரிந்தவர்கள்.

“தம்பி, பொட்டியில இன்னா?”

“அகராதி, அக்கா.”

“முழுசாவா?”

“முழுசா.”

“அதுக்கு அங்க இன்னா வேல?”

பதில் இருந்தது. மொழி, மரபு, வேர் என்று ஆரம்பிக்கும் பதில். அதை எடுத்து வெளியே வைப்பதற்குள் நிலையத்தின் கூரை மெல்லச் சாய்ந்தது. கண் திறந்தபோது சிப்பாய் என் தலையைப் பிடித்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். “செங்கா நா லெங்கா” என்றார், கவலைப்படாதே என்று. அக்கா என்னை உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சட்டையாகக் கழற்றி மேடையில் போட, வரிசையில் ஒருவர் “ஏக்... தோ... தீன்...” என்று எண்ணினார். நாலாவதில் கைதட்டல் எழுந்தது.

அகராதி இறங்கியது. சட்டைகள் பெட்டிக்குள் போயின. உடம்பில் மிஞ்சிய கடைசிச் சட்டையின் பையில் அக்கா ஓர் உறையைச் செருகினார்.

“கடைசி அத்தியாயம். இத்தத்தான் நம்பிக்கினு கீறேன்.”

“அக்கா, நான் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில்…”

“போயி யோசி. ஜல்தி, பிளேன் நிக்குது.”

விமானத்தில் உட்கார்ந்ததும் உறையைப் பிரித்தேன். ஒட்டியிருக்கவில்லை; அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். தாள்களில் எழுத்து மங்கி, நீலப் புகை மாதிரி இருந்தது. சில வரி நன்றாகத் தெரியும், அடுத்த வரி தாளுக்குள் போய்விடும். என் வியர்வையில் ஊறிவிட்டது என்று பதறினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தெரிந்த எழுத்திலிருந்து தெரியாததற்குத் தாவித் தாவிப் படித்தேன். கீழே தீவு போயிற்று, பவழத் திட்டுகள் போயின, வெறும் கடல் வந்தது. நான் பார்க்கவில்லை. என் அம்மா பேசுகிற மாதிரியே பேசுகிற ஜனங்கள் அந்தத் தாளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொச்சை என்று நான் கடிதம் எழுதிய அதே பேச்சு. இப்போது அந்தப் பேச்சைக் கேட்காத ஊருக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல தமிழ் அதுதான் என்று கடல் மேல்தான் தெரிந்தது.

முடிவில், கப்பல் கிளம்பிவிடுகிறது. எடை போடுகிறவள் தனியாக நிற்கிறாள். கடைசி வரி இன்னும் எனக்கு மனப்பாடம்: ‘எல்லாரும் போனப்புறம் அவ தராசு மேல ஏறி நின்னா. முள்ளு அசையல.’

நான் அழுதேன். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரக் கிழவி எனக்கு அவள் பங்கு பிஸ்கட்டைக் கொடுத்தாள்.

சிட்னியில் மறுநாள் காலையில் அண்ணன் வேலை தேடக் கூப்பிட்டான். முதலில் தபாலாபீஸ் என்றேன். கடிதம் போகும் பிளவில் கையை விட்டு உறை உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அடுக்கிக்கொண்டே, அம்மா பேசும் தமிழில் சின்னச் சின்னதாக எழுத ஆரம்பித்தேன். முதலில் சிரிப்புக்கு, பிறகும் சிரிப்புக்குத்தான். இதுவரை நான் எழுதி நீங்கள் பொறுத்துக்கொண்ட எல்லாவற்றுக்கும் அந்த மங்கிய தாள்கள்தான் தாய்வீடு. டிசம்பர் இதழ் என் கைக்கு வரவே இல்லை. இதழ் நின்றுவிட்டது. ஆனால் முடிவு அச்சாகிவிட்டது என்று அக்கா ஒரு வரி எழுதியிருந்தார்: “எல்லாரும் எறங்கிட்டாங்க.” என்னால்தான் இறங்கினார்கள் என்று அன்றிலிருந்து நிமிர்ந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எழுதியது கொஞ்சம்தான். சில கதைகள் மலர்களில் வந்தன. புத்தகம் எதுவும் வரவில்லை. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் அவருடைய ‘புனைந்த எதிர்கால மொழி’யைப் பற்றி ஒருவர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியதாகக் கேள்வி. அக்காவிடம் சொன்னேன். “நல்லா இருக்கட்டும்” என்றார்.

தீவில் இன்னும் கவிழ்ப்புகள் வந்தன. கடைசியில், முன்பே அங்கே குடியேறியிருந்த மகள் வற்புறுத்தி அக்காவும் மாமாவும் சிட்னி வந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அக்கா முகம் வாடியிருந்தது. நாட்டை விட்ட துக்கம் என்று நினைத்து ஆறுதலுக்குத் தயாரானேன்.

“அந்தப் பையன் ஒண்ணுமே கேக்கல தம்பி” என்றார்.

“எந்தப் பையன்?”

“என் எடத்துல இப்ப நிக்கறவன். பொட்டிய வெச்சேன், நெம்பர் பாத்தான், ஸ்டிக்கர் ஒட்டினான், அனுப்சிட்டான். இவ்ளோ வருசம் எல்லாரையும் கேட்டேன். என்னிய ஒருத்தரும் கேக்கல.”

“என்ன கொண்டுவந்தீங்க?”

பெட்டியைத் திறந்து என் அகராதியின் ஒரு தொகுதியை எடுத்துக் கொடுத்தார். அதில் என் பெயர் எழுதிய சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. “ஒண்ணுதான் எட்த்தாந்தேன். மூணு கிலோ. மீதி அங்கயே கீது. இப்ப சொல்லு, இதுக்கு இங்க இன்னா வேல?”

 அந்தத் தொகுதி இன்னும் என் மேஜை மேல் இருக்கிறது. சீட்டை அவிழ்க்கவில்லை.

அக்கா போன மழைக்காலத்தில் போய்விட்டார். கோயில் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் போட்டார்கள். எழுத்தாளன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். மயங்கி விழுந்ததைச் சுருக்கமாகவும், கடைசி அத்தியாயத்தைக் கடல் கடந்து சுமந்ததை விரிவாகவும் பேசினேன். நான் இல்லாவிட்டால் அந்த ஜனங்கள் இன்னும் நடுவானில் தொங்கியிருப்பார்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். முடிவாக அந்தக் கடைசி வரியைச் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இதற்கு மேல் ஓர் எழுத்தாளருக்கு என்ன மரியாதை செய்ய முடியும் என்ற திருப்தியோடு இறங்கினேன்.

சாப்பாட்டு மேஜையில் மாமா என் தட்டில் ஒரு வடையை வைத்தார்.

“நல்லா பேசின மச்சான். ஆனா அத்த நாலு பேரு எட்த்துக்கினு போனாங்க.”

“எதை மாமா?”

“கடைசி அத்தியாயத்த. அவ எதையும் ஒருத்தன நம்பி அனுப்சதில்ல, தெரியாதா உனக்கு? டிக்கெட் ஆபீஸ் கார்பன் பேப்பர அடியில அடியில வெச்சி, மேச ஒடையற மாதிரி அழுத்தி எழுதுவா. வான்கூவர் போன கறிக்கடைக்காரன் போட்டதுதான் மொதல்ல போயி அச்சாச்சு. உன்னுது நாலாவது.”

 ஒன்று போய்விடும் என்று அக்கா எனக்கே சொல்லியிருந்தார். போகப் போகிற அந்த ஒன்று யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

“பரவால்ல மாமா. யார் கொண்டுபோனா என்ன? அந்த முடிவு ஒண்ணு போதுமே. முள்ளு அசையல…”

மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

“அதான் நானும் கேக்கணும்னு இருந்தேன். எந்த முள்ளு? கதையில அவ தராச வித்துட்டு, பின்னால வர்ற ரெண்டாவது கப்பல்ல ஏறி, ஜன்னல் சீட்டுல குந்திக்கினு பூடுவா. அச்சுல அப்டித்தான் கீது, வூட்டுல கீற அவ கையெழுத்துத் தாளுலயும் அப்டித்தான் கீது. நாலாவது காப்பியில பாதி எழுத்து வுழுந்தே இருக்காது மச்சான். நீ இன்னாத்தப் படிச்ச?”